மக்கினால் மட்டும் போதாது, தாங்கவும் வேண்டும்

இந்தியாவில் சாதாரண பாலிதீன் கைப்பையின் தடிமன் 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. 2021-ல் திருத்தப்பட்ட பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022 டிசம்பர் 31 முதல் இதைக் கட்டாயமாக்கின. தடித்த பை எளிதில் கிழியாது, பல முறை பயன்படும், தூக்கி எறிந்தாலும் பொறுக்கி எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்புவோருக்கு நாலு காசு கிடைக்கும் என்பதே இந்த விதிக்குப் பின்னால் உள்ள எண்ணம். ஆனால் மக்கும் பிளாஸ்டிக் என்று சான்று பெற்ற பைகளுக்கு இந்தத் தடிமன் விதி பொருந்தாது. அவை ஐ.எஸ். 17088 தரநிலைக்கு ஏற்றவை என்று நிரூபித்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழைப் பெற்றால் போதும். அந்தத் தரநிலை, உரமாக்கும் நிலையத்தின் வெப்பத்தில் பை எவ்வளவு விரைவில் சிதைகிறது, எஞ்சும் உரத்தில் செடி முளைக்கிறதா, கன உலோகங்கள் வரம்புக்குள் உள்ளனவா என்றெல்லாம் பார்க்கிறது. அந்தப் பை எவ்வளவு எடை தாங்கும், கூர்முனை பட்டால் கிழியுமா, ஆறு மாதம் கிடங்கில் கிடந்த பிறகும் பழைய வலு இருக்குமா என்று அது கேட்பதில்லை. ஒரு பொருள் எப்படிச் சாக வேண்டும் என்று சட்டம் விரிவாகச் சொல்கிறது. எப்படி வாழ வேண்டும் என்று சொல்லவில்லை. கனிம நானோ துகள்களைக் கலந்து மக்கும் பிளாஸ்டிக்கை வலுவாக்கும் தொழில்நுட்பம் ஆய்வகத்திலிருந்து சந்தைக்கு வரும் இந்த நேரத்தில், இந்த இடைவெளியை அடைத்தே ஆக வேண்டும்.

வலுவை வாங்குபவரின் வசதி சார்ந்த விஷயமாக மட்டும் பார்ப்பது தவறு. அது சுற்றுச்சூழல் சார்ந்த பண்பு. ஒரு பை கிழிந்துவிடும் என்று பயந்து கடைக்காரர் இரண்டு பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கொடுத்தால், அந்தப் பொருளைச் செய்யச் செலவான சோளம், கரும்பு, தண்ணீர், மின்சாரம் எல்லாம் இரட்டிப்பாகின்றன. வீட்டின் ஈரக் குப்பையைச் சுமக்கும் பை வழியில் பிய்ந்தால், பிரித்து வைத்த குப்பை மறுபடி ஒன்றாகக் கலந்துவிடுகிறது. மக்கும் பைகள் முழுவதும் செடிகொடியிலிருந்து வருபவை என்ற நம்பிக்கையும் சரியல்ல. பையாக வளைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காக அவற்றில் பெருமளவில் சேர்க்கப்படும் பி.பி.ஏ.டி. என்ற பாலிமர், மக்கும் தன்மை உடையது என்றாலும் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தே தயாராகிறது. எனவே குறைந்த பொருளில் நிறைந்த வேலையைச் செய்ய வைப்பதுதான் உண்மையான சிக்கனம். கனிம நானோ துகள்கள் முக்கியமாவது இந்த இடத்தில்தான்.

மக்கும் பிளாஸ்டிக்குகளின் இயல்பான குறைகளை முதலில் பார்த்துவிடலாம். இவற்றுள் அதிகம் பேசப்படும் பாலிலாக்டிக் அமிலம், சுருக்கமாக பி.எல்.ஏ., சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையை நொதிக்கவைத்துப் பெறும் லாக்டிக் அமிலத்திலிருந்து உருவாகிறது. அதன் இழுவலிமை 50 முதல் 70 மெகாபாஸ்கல் வரை. சாதாரண பாலிதீனைவிடப் பல மடங்கு. அதன் விறைப்பும் 3 கிகாபாஸ்கலுக்கு மேல். ஆனால் இழுத்தால் தன் நீளத்தில் பத்தில் ஒரு பங்குகூட நீளாமல் முறிந்துவிடும். பாலிதீனோ பல நூறு சதவீதம் நீண்ட பிறகே அறும். சுமை ஏறும்போது நீண்டு கொடுக்கும் இந்தக் குணம்தான் பையைக் காப்பாற்றுகிறது. மேலும் 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பி.எல்.ஏ. இளகத் தொடங்கிவிடும், சூடான குழம்பை ஊற்றினால் கிண்ணம் நெளியும். பி.பி.ஏ.டி. இதற்கு நேர் எதிர்: 500 சதவீதத்துக்கு மேல் நீளும், ஆனால் விறைப்பு மிகக் குறைவு, சுமை ஏற்றினால் தொய்யும். மரவள்ளி, சோளம் ஆகியவற்றின் மாவுச்சத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக் மலிவானது. ஆனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழைந்துவிடும், நாள்படக் காய்ந்து நொறுங்கும். இவற்றை ஒன்றோடொன்று கலந்தால் குறைகள் தீர்ந்துவிடும் என்று தோன்றும். ஆனால் பி.எல்.ஏ.வும் பி.பி.ஏ.டி.யும் தாமாக ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஒன்றுக்குள் மற்றொன்று திட்டுத்திட்டாக நிற்கும். அந்தத் திட்டுகளின் ஓரத்தில்தான் கிழிசல் தொடங்கும்.

கனிமத் துகள்கள் இங்கே என்ன செய்கின்றன? பென்டோனைட் களிமண்ணை எடுத்துக்கொள்வோம். குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானின் பார்மேரிலும் இது ஏராளமாகக் கிடைக்கிறது. இதன் முக்கியக் கனிமமான மான்ட்மோரில்லோனைட், சீட்டுக்கட்டுப்போல அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு அடுக்கின் தடிமனும் சுமார் ஒரு நானோமீட்டர்தான். அகலமோ அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். அடுக்குகளைப் பிரித்து பிளாஸ்டிக்குக்குள் தனித்தனியாகப் பரப்பிவிட்டால், ஒரு கிராம் களிமண் 700 சதுர மீட்டர் அளவுக்கு மேற்பரப்பைத் தருகிறது. அவ்வளவு பரப்பும் பாலிமர் சங்கிலிகளைத் தொட்டு, அவை சுமையில் வழுக்கி நகர்வதைத் தடுக்கிறது. அதனால்தான் இங்கே மிகச் சிறிய அளவே போதுமானதாக இருக்கிறது. இந்த வழியைத் திறந்தவர்கள் ஜப்பானில் டொயோட்டாவின் மத்திய ஆய்வகத்தினர். 1980-களின் பிற்பகுதியில் அவர்கள் நைலான்-6 பிளாஸ்டிக்கில் 5 சதவீதத்துக்கும் குறைவான களிமண்ணைச் சேர்த்தார்கள். அதன் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. சுமையின்கீழ் நெளியத் தொடங்கும் வெப்பம் 65 டிகிரியிலிருந்து சுமார் 150 டிகிரிக்கு உயர்ந்தது. அந்தப் பொருள் மோட்டார் வாகன எஞ்சின் பகுதியின் உறையாகவும் பயன்பட்டது. 2002-ல் நகோயாவின் டொயோட்டா தொழில்நுட்பக் கழகத்தில் சுப்ரகாஷ் சின்ஹா ரே, மசாமி ஒகமோட்டோ குழுவினர் அதே உத்தியை பி.எல்.ஏ.வுக்குப் பொருத்திக் காட்டினார்கள். களிமண் அடுக்குகள் வாயுக்களும் நீராவியும் கடந்து செல்லும் பாதையை வளைத்து நீளமாக்குவதால் உணவுப் பொட்டலத்துக்கும் அவை உதவும். கனிமமோ மலிவு, உள்நாட்டில் கிடைப்பது, மண்ணிலிருந்து வந்து மண்ணுக்கே திரும்புவது. இந்த வழியை ஆதரிக்க இவையெல்லாம் வலுவான காரணங்கள்.

ஆனால் இந்த நல்ல செய்தியை அப்படியே பையின் மேல் ஒட்டிவிட முடியாது. ஆய்வுக் கட்டுரைகளும் விளம்பரங்களும் பெரும்பாலும் முன்னால் நிறுத்துவது விறைப்பின் உயர்வைத்தான். விறைப்பு என்பது பொருள் எவ்வளவு குறைவாக வளைகிறது என்பதன் அளவு. அது எவ்வளவு எளிதில் கிழியும் என்பதன் அளவு அல்ல. கடினமான துகளைச் சேர்த்தால் விறைப்பு ஏறுவது ஏறக்குறைய உறுதி. அதே சமயம், முறிவதற்கு முன் நீளும் அளவு பெரும்பாலும் குறைகிறது. ஏற்கெனவே நொறுங்கும் பி.எல்.ஏ.வை மேலும் விறைப்பாக்குவது கிண்ணத்துக்கும் கரண்டிக்கும் பயன்படலாம். பைக்கு அது கேடு. இழுவலிமையின் போக்கும் நேர்க்கோடு அல்ல. 2 முதல் 5 சதவீதம் வரை நன்றாகப் பரவிய களிமண் அதை உயர்த்தும். அதற்கு மேல் போனால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகளாகும். நானோ என்று வாங்கிப் போட்டது அப்போது வெறும் மண்பொடியாகிவிடுகிறது. ஒவ்வொரு கட்டியும் விரிசல் பிறக்கும் இடமாகிறது. களிமண் இயல்பாக நீரை விரும்புவது, பாலிமர் எண்ணெய்த்தன்மை கொண்டது. இரண்டும் இணங்க வேண்டுமானால் அடுக்குகளின் மேற்பரப்பில் கரிம அமோனியம் உப்புகளைப் பூச வேண்டும். பிறகு இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் சரியான வெப்பத்திலும் வேகத்திலும் பிசைய வேண்டும். பி.எல்.ஏ. மணிகளை 0.025 சதவீதத்துக்கும் குறைவான ஈரம் வரும்வரை உலர்த்தாவிட்டால், உருகும்போதே அதன் சங்கிலிகள் நீரால் அறுபட்டு வலு போய்விடும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் களிமண் இந்த ஆபத்தை அதிகப்படுத்தும். ஆகவே ‘நானோ கலந்தது’ என்ற சொல் எந்த உத்தரவாதத்தையும் தருவதில்லை. ஒரே செய்முறைக் குறிப்பை வைத்துக்கொண்டு இரண்டு ஆலைகள் இரண்டு விதமான பைகளைச் செய்ய முடியும்.

கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் தூள், இந்தச் சிக்கலின் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. நானோ அளவில், ஸ்டியரிக் அமிலம் பூசி, அளவாகக் கலந்தால் அது நொறுங்கும் பிளாஸ்டிக்கைக் காப்பாற்றவும் கூடும். அடி விழும்போது துகள்கள் பிளாஸ்டிக்கிலிருந்து விடுபட்டு நுண்குழிகளை உண்டாக்குகின்றன. அடியின் ஆற்றல் அங்கே செலவாகிவிடுவதால் விரிசல் பரவாமல் நிற்கிறது. ஆனால் அதே தூளைக் கரடுமுரடாக, மலிவுக்காக, மூன்றில் ஒரு பங்கு வரை கொட்டினால் அது வெறும் நிரப்பி. பிளாஸ்டிக் மணியைவிடச் சுண்ணாம்புத் தூள் மிக மலிவு. அதன் அடர்த்தியோ இரண்டு மடங்குக்கும் மேல். கிலோ கணக்கில் பை விற்கும் சந்தையில் இதன் இலாபம் வெளிப்படை: எடை ஏறும், பைகளின் எண்ணிக்கை குறையும், வலுவும் குறையும். மக்கும் சோதனை இதைத் தடுப்பதில்லை. அது அளப்பது கரிமக் கார்பன் எந்த விகிதத்தில் கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது என்பதை மட்டுமே. கனிமம் அந்தக் கணக்கிலேயே வராது. ஐரோப்பாவின் இ.என். 13432 தரநிலை, உலர் எடையில் பாதியாவது கரிமப் பொருளாக இருக்க வேண்டும் என்கிறது. மீதிப் பாதி கனிமமாக இருக்க அது இடம் தருகிறது. ஆக, கனிமத்தைத் திறமையோடு சேர்த்து வலுவூட்டிய பையும், காசுக்காகச் சேர்த்து வலுவிழந்த பையும் ஒரே சான்றிதழோடு ஒரே கடையில் தொங்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. நேர்மையாகச் செலவு செய்த தயாரிப்பாளர்தான் இந்தப் போட்டியில் தோற்பார்.

நம் பருவநிலை இதை மேலும் கடினமாக்குகிறது. பிளாஸ்டிக் வலுச் சோதனைகள் வழக்கமாக 23 டிகிரி வெப்பத்திலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் நடக்கின்றன. சென்னையிலோ தூத்துக்குடியிலோ தகரக் கூரை போட்ட கிடங்கு கோடையில் அப்படி இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையின்போதும் இருப்பதில்லை. மக்கும் பிளாஸ்டிக்கின் சிறப்பே நீரும் நுண்ணுயிரும் அதன் சங்கிலிகளை அறுக்க முடியும் என்பதுதான். வெப்பமும் ஈரமும் சேர்ந்த கிடங்கில் நீரின் அந்த வேலை, பை பயன்பாட்டுக்கு வருவதற்கு முன்பே மெல்லத் தொடங்கிவிடும். செய்த அன்று அளந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து ஒரு குடும்பத்தின் கையில் பை எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. நன்றாகப் பரவிய களிமண் ஈரம் உள்ளே புகுவதைத் தாமதப்படுத்தும் என்பதால், நம்மைப் போன்ற வெப்பநாட்டுக்கு இந்தத் தொழில்நுட்பம் ஐரோப்பாவைவிட அதிகம் பயன்படக்கூடும். ஆனால் அந்தப் பயன் உண்மையில் கிடைக்கிறதா என்பதை நம் வெப்பத்திலும் நம் ஈரத்திலும் வைத்து அளந்தால்தான் தெரியும்.

இதற்கு எதிராக வரக்கூடிய கனமான வாதம், வலுவும் மக்குதலும் ஒன்றுக்கொன்று பகை என்பது. வலுவைக் கேட்டால் மக்காத பையைத்தான் பெறுவோம் என்று சூழலியலாளர்கள் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. 2019-ல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இமோஜன் நாப்பரும் ரிச்சர்ட் தாம்சனும் வெளியிட்ட ஆய்வில், உயிரிச் சிதைவுக்கு உள்ளாகும் என்று விற்கப்பட்ட ஒரு பை, மூன்று ஆண்டுகள் மண்ணிலும் கடலிலும் கிடந்த பிறகும் கடைச்சாமான்களைச் சுமக்கும் வலுவோடு இருந்தது. உரமாகக்கூடிய பை கடல்நீரில் மூன்று மாதத்துக்குள் மறைந்தது. ஆனால் மண்ணில் 27 மாதங்களுக்குப் பின்னும் எஞ்சியிருந்தது. அப்போது அது சுமை தாங்கவில்லை. இந்த முடிவுகளைக் கூர்ந்து பார்த்தால், வலுவும் ஆயுளும் ஒன்றோடொன்று கட்டிவைக்கப்படவில்லை என்பது புரியும். எந்தப் பாலிமர், எந்த இடம் என்பவையே சிதைவைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. களிமண் விஷயத்திலும் ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டவில்லை. நகோயா குழு, சில வகைக் களிமண் பி.எல்.ஏ. உரக்குவியலில் சிதைவதை விரைவுபடுத்துவதைக் கண்டது. ஈரம் புகுவதைத் தடுத்துச் சிதைவைத் தாமதப்படுத்தும் கலவைகளும் உண்டு. இதிலிருந்து வலுவைக் கைவிட வேண்டும் என்ற முடிவு வராது. வலுச் சோதனையும் மக்கும் சோதனையும் ஒரே பொருளில், ஒரே செய்முறையில், ஒரே தடிமனில் நடக்க வேண்டும் என்ற முடிவுதான் வருகிறது. மக்குவதற்கு ஒரு மாதிரியும் வலுவைக் காட்ட இன்னொரு மாதிரியும் அனுப்பப்படும் வரை இந்தப் பகை பற்றிய சந்தேகமும் நீங்காது.

இப்படி இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியுமா என்றால், முடியும் என்பதற்கு முன்மாதிரியே இருக்கிறது. வயலில் களை வராமலும் ஈரம் காயாமலும் இருக்க விரிக்கும் மல்ச்சிங் ஷீட்டுக்கு ஐரோப்பா 2018-ல் இ.என். 17033 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. அந்த ஷீட் சாதாரண மண்வெப்பத்தில் இரண்டு ஆண்டுக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும் என்று அது சொல்கிறது. கூடவே இழுவலிமைக்கும் முறிவதற்கு முன் நீளும் அளவுக்கும் குறைந்தபட்ச எண்களை விதிக்கிறது. இயந்திரம் விரிக்கும்போதே கிழியும் ஷீட்டால் விவசாயிக்குப் பயனில்லை என்பதை அதை எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள். விவசாயியின் ஷீட்டுக்குப் பொருந்தும் நியாயம் குடும்பத்தலைவியின் குப்பைப் பைக்குப் பொருந்தாமல் போகக் காரணம் இல்லை.

நானோ என்ற சொல்லே சிலருக்கு அச்சம் தருகிறது. அந்த அச்சத்தையும் தள்ளிவிடக் கூடாது. சரியான இடத்தில் வைக்க வேண்டும். களிமண்ணும் சுண்ணாம்பும் மண்ணுக்குப் புதியவை அல்ல. பிளாஸ்டிக் மக்கிய பின் எஞ்சும் களிமண், மண்ணில் ஏற்கெனவே இருக்கும் களிமண்ணோடு சேர்கிறது. கவனம் தேவைப்படுவது இரண்டு இடங்களில். ஒன்று, நுண்தூளைக் கொட்டிக் கலக்கும் தொழிலாளியின் நுரையீரல். மூடிய கலவைத் தொட்டியும் தூசு உறிஞ்சியும் முகமூடியும் அங்கே சலுகை அல்ல, அடிப்படை உரிமை. மற்றொன்று, களிமண்ணின் மேற்பரப்பில் பூசும் அமோனியம் உப்புகள். அவற்றில் பல நுண்ணுயிர்க்கொல்லித் தன்மை உடையவை. மக்கும் வேலையை நுண்ணுயிர்கள்தான் செய்ய வேண்டும் என்னும்போது, உணவோடும் உரத்தோடும் தொடர்புடைய பொருளில் எந்தப் பூச்சு, எவ்வளவு என்பது சோதனைக்கூடத்துக்கு மறைக்கப்படக் கூடாது. தொழில் இரகசியம் போட்டியாளரிடமிருந்து காக்கப்படட்டும். சான்று தரும் அமைப்பிடமிருந்து காக்கப்பட வேண்டியதில்லை.

வலுவைச் சந்தை பார்த்துக்கொள்ளும், கிழியும் பையை யார் வாங்குவார்கள் என்று தொழில்துறையினர் கேட்கலாம். பையை வாங்குபவர் கடைக்காரர், சுமப்பவர் வாடிக்கையாளர், கிழிந்த குப்பையை அள்ளுபவர் தூய்மைப் பணியாளர். முதலாமவர் பார்ப்பது கிலோ விலையை. பாதிக்கப்படும் மற்ற இருவருக்கும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லை. இப்படிப்பட்ட சந்தை தானாகத் திருந்தாது. சிறு தயாரிப்பாளர்களுக்குச் செலவு ஏறும் என்பது அடுத்த மறுப்பு. மக்கும் சோதனை 180 நாட்கள் வரை நீளும். செலவும் காத்திருப்பும் அதில்தான் உள்ளன. இழுவலிமை, கிழிதல், எடைக்குண்டை விழவைத்துப் பார்க்கும் துளைப்புச் சோதனை ஆகியவை ஓரிரு நாளில் முடிபவை. சென்னை கிண்டியில் தலைமையகம் கொண்டு நாடெங்கும் கிளைகளுடன் இயங்கும் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் போன்றவற்றுக்கு இவை அன்றாட வேலை. இதையெல்லாம்விடத் துணிப்பையே மேல் என்ற வாதத்தை மனதார ஏற்கலாம். துணிப்பையை ஊக்குவிக்கும் தமிழக அரசின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் சென்று சேரக்கூடிய இடத்தில் எந்தப் பிளாஸ்டிக்கும் தேவையில்லை. ஆனால் ஈரக் குப்பை, வயல் விரிப்பு, நாற்றுப் பை போன்ற இடங்களில் துணி உதவாது. மக்கும் பிளாஸ்டிக்குக்கு நியாயமான இடம் அங்கேதான் உள்ளது. கிழியாத வலுவும் அங்கேதான் மிக அதிகமாகத் தேவைப்படுகிறது.

செய்ய வேண்டியவை தெளிவாக உள்ளன. மக்கும் சான்றிதழோடு ஒரு வலுச் சான்றும் கட்டாயமாக்கப்பட வேண்டும். அதில் இழுவலிமை, முறிவதற்கு முன் நீளும் அளவு, கிழிதல், துளைப்பு ஆகிய நான்கும் இடம்பெற வேண்டும். விறைப்பு என்ற ஒற்றை எண்ணைக் காட்டித் தப்பிக்க வழி இருக்கக் கூடாது. அளவீடு புதிய பையிலும், நம் வெப்பத்திலும் ஈரத்திலும் சில மாதம் வைத்த பையிலும் நடக்க வேண்டும். கனிமத்தின் வகையும் சதவீதமும் மேற்பூச்சும் சான்று தரும் அமைப்பிடம் தெரிவிக்கப்பட வேண்டும். எத்தனை கிலோ தாங்கும், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பவை பையின் மேல் தமிழிலேயே அச்சிடப்பட வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பும் மத்திய அரசும் இதைச் செய்ய நாளாகலாம். அதுவரை மாநகராட்சிகளும் நகராட்சிகளும் காத்திருக்க வேண்டியதில்லை. குப்பைப் பைக்கோ நாற்றுப் பைக்கோ ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, சான்றிதழ் எண்ணைக் கேட்கும் வரிக்குக் கீழே, கிடங்கில் ஆறு மாதம் இருந்த பை ஈரக் குப்பையோடு எத்தனை கிலோ தாங்கும் என்று இன்னொரு வரியைச் சேர்த்தால் போதும். ஒரு பெரிய மாநகராட்சி அந்த ஒரு வரியைச் சேர்த்தாலே, கனிமத்தை நிரப்பியாகக் கொட்டுபவர் பின்தங்குவார். அதை அறிவோடு கையாளக் கற்றவர் முன்னேறுவார்.